பாதை என்றால் படகு: ஓர்ஸ் ஹில்லிலிருந்து மூதூருக்கு ஒரு சைக்கிள் நாள்



தரம் 9, 10 பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை மூதூர் வரை சைக்கிளில் போய்வர யோசித்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். வழியை ஒரு கடதாசியில் கீறிக் கொடுத்திருந்தேன். கிண்ணியாவுக்குப் பக்கத்தில், பழக்க தோஷத்தில், "பழைய பாதை" என்று எழுதிவிட்டேன். ஒரு பிள்ளை வந்து கேட்டது: "சேர், போறது முழுக்கப் பாதைதானே, இதென்ன தனியா ஒரு பாதை?"

நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பிள்ளையில் பிழையில்லை. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி. இன்று தரம் 9இல் இருக்கிற பிள்ளை அந்த நேரம் பிறக்கவேயில்லை. நம்மட பக்கத்தில் பாதை என்றால் வீதியும்தான், ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கிற தட்டையான மிதவையும்தான். வீதி தண்ணீரில் முடிகிற இடத்தில் வீதியின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள் போல. இது என் ஊகம், மொழி தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

என் வாப்பா அந்தப் பாதையில் சைக்கிளோடு எத்தனையோ தரம் போனவர். மீன் பெட்டி கட்டிய சைக்கிள்கள்தான் முதலில் ஏறுமாம், வெயிலில் மீன் காத்திருக்காதுதானே. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி நிற்பார்கள். காற்றுக் கூடினால் அன்றைய கணக்கெல்லாம் பிழைத்துவிடும். மூதூர்க்காரருக்குப் பட்டினத்திலிருந்து லோஞ்சும் இருந்தது. அதுவும் கடல் விட்டால்தான்.

நமது வழி இதுதான். உவர்மலையால் இறங்கி, உட்துறைமுகத்தின் ஓரமாகக் கண்டி வீதியைப் பிடித்து, சீனக்குடாவுக்குப் போகிறோம். அங்கே காட்டுக்குள் இருக்கிற எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் கட்டிய தாங்கிகள் அவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது அதில் ஒரு தாங்கியும் எரிந்து போனது. பிறகு வெள்ளைமணல் பக்கமாகக் கிண்ணியாப் பாலம். 396 மீற்றர். திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான், சவூதி அரேபியாவின் கடனுதவியில் கட்டியது. பாலத்தின் நடுவில் சைக்கிளை நிற்பாட்டிப் படம் எடுக்கக் கூடாது. முடிவில் இறங்கி நின்று எடுக்கலாம்.

கிண்ணியாக் கரையில் 2004 டிசம்பர் 26 பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆஸ்பத்திரியையே கடல் கொண்டுபோன ஊர் அது. அதற்கு அப்பால் உப்பாறு, கங்கை, இறால்குழி. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிற இடங்கள். ஒவ்வொன்றிலும் முன்னர் இறங்கி ஏற வேண்டும். பிரான்ஸின் உதவியோடு பாலங்கள் கட்டி முடிந்தது 2011இல்தான். மட்டக்களப்பு வரை கரையோரமாகச் சக்கரம் நிற்காமல் ஓடுவது என்பது அவ்வளவு புதிய விசயம்.

மூதூரில் லுஹர் தொழுது, சாப்பிட்டு, வெள்ளைக்காரன் மரம் நின்ற இடத்தைப் பார்ப்போம். 'ஆன்' என்ற கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து, திருத்த வேண்டிக் கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் கப்டன் ரொபர்ட் நொக்ஸும் அதே பெயருள்ள மகனும் இன்னும் சில மாலுமிகளும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தகப்பன் அடுத்த வருடமே சிறையிருப்பில் இறந்தார். பத்தொன்பது வயதில் பிடிபட்ட மகன் 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. இதே மூதூரிலிருந்து 2006 ஓகஸ்டில் நம்மட சனம் கந்தளாய் நோக்கி நடந்த கதையும் உண்டு. அதைத் தனியாக எழுதுவேன், நடந்தவர்களே வாசிக்கிறீர்கள், அவசரமாக எழுதக் கூடாது.

திரும்பி வரும்போது சைக்கிள்களைப் படகில் ஏற்றிக் குடாவைக் கடந்து வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளைகளுக்குப் பழைய காலத்தைக் காட்டியது மாதிரியும் இருக்கும், பின்னேரம் கச்சான் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு மிதிக்கவும் தேவையில்லை. கடதாசி வீட்டுக்குப் போன அன்றிரவு ஒரு உம்மா போன் பண்ணினா. "சேர், சைக்கிள்ல எவ்வளவு தூரமும் கூட்டிப் போங்க. தண்ணியில மட்டும் ஏத்த வேணாம்." அதற்கு மேல் அவ பேசவில்லை. அவட சொந்த ஊர் குறிஞ்சாக்கேணி.

2021 நவம்பர் 23. அங்கே புதிய பாலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது, சனம் பாதையில்தான் போய் வந்தது. காலையில், பள்ளிக்கூடம் போகிற நேரம், அந்தப் பாதை கவிழ்ந்தது. ஆறு பேர் அன்றே போய்விட்டார்கள். புத்தகப் பையோடு ஏறிய பிள்ளைகளும் அதில். பாதை பழைய காலம் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய பாலத்துக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து, அதே கிண்ணியாவில் நடந்தது இது.

ஆகவே படகு இல்லை. போன வழியாலேயே வருகிறோம். காற்றை வெல்ல, ஸுபஹ் தொழுத கையோடு 5.30க்கு மலையடியில் கூடுவோம், மூதூரிலிருந்து 1.30க்குக் கிளம்புவோம். காற்றுப் பம்பும் ஒட்டுச் சாமானும் என்னிடம் இருக்கும். தண்ணீர் இரண்டு போத்தல், தொப்பி, பிரேக் பிடிக்கிற சைக்கிள், இவ்வளவும் கட்டாயம். களைத்தவர்களை ஏற்ற ஒரு சிறிய லொறி பின்னால் வரும்.

இன்னொன்று. கிண்ணியா, உப்பாறு, கங்கைப் பாதைகளின் பழைய படம் யாருடைய வீட்டு அல்பத்திலாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். அந்தந்தப் பாலத்தடியில் நின்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.