குருத்துவப் பயிற்சி (கோட்டாறு மறைமாவட்டம்)

குருத்துவப் பயிற்சி என்பது கத்தோலிக்க இளைஞர் ஒருவர் அருட்பணியாளராகத் திருநிலை பெறும்வரை மேற்கொள்ளும் படிப்பும் வாழ்க்கைப் பழக்கமும் ஆகும். தாணுமாலயன் கோயிலால் அறியப்படும் சுசீந்திரமும் அதன் சுற்றுவட்டாரமும் கோட்டாறு மறைமாவட்டத்துக்கு உட்பட்டவை. கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து 1930இல் பிரிக்கப்பட்ட இம்மறைமாவட்டத்திலிருந்து, 2014இல் குழித்துறை தனி மறைமாவட்டமானது.

பயிற்சி நிலைகள்: பங்குத்தந்தையின் பரிந்துரையுடன் மாணவர் முதலில் இளங்குருமடத்தில் சேர்கிறார். பின்னர் பெருங்குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயில்கிறார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி இவ்விரண்டுக்கும் சேர்த்துக் குறைந்தது 6 ஆண்டுகள் தேவை. இடையே ஓராண்டு பங்குகளில் களப்பணி செய்வது வழக்கம். வாசகர், பீடத்துணைவர் பணிகளை ஏற்றபின் திருத்தொண்டராகிறார். மணத்துறவு வாக்குறுதியை அப்போதே அளிக்கிறார். குருத்துவம் பெற 25 வயது நிறைந்திருக்க வேண்டும். திருத்தொண்டரானபின் 6 மாதமேனும் கழிந்திருக்க வேண்டும்.

திருநிலைப்பாடு: புனிதர் மன்றாட்டு பாடப்படும்போது இளைஞர் பீடத்தின் முன் முகங்குப்புறக் கிடக்கிறார். ஆயர் பேசாமல் அவர் தலைமேல் கைகளை வைக்கிறார். வந்திருக்கும் குருக்களும் ஒருவர்பின் ஒருவராக அவ்வாறே செய்கின்றனர். பூசையுடை அணிந்தபின், உள்ளங்கைகளில் கிறிஸ்மா எண்ணெய் பூசப்படுகிறது. அப்பமும் இரசமும் அவர் கையில் தரப்படுகின்றன. எண்ணெய் பூசிய அந்தக் கைகளை முத்தமிடப் பெற்றோரும் உறவினரும் வரிசையில் நிற்பதுண்டு. சொந்த ஊரில் நிறைவேற்றும் முதல் நன்றித் திருப்பலி ஊர்த் திருவிழாவாகவே நடக்கும்.