எவரெஸ்டில் தப்பிய நெய்யூர் டாக்டர்

சாப்பிடும்போது புரையேறினால் இருமுகிறோம். அந்த இருமல் எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி சர்ஜன் ஹோவர்ட் சோமர்வெல்லின் கதையே சாட்சி.

மூக்கு, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துகிறது. நாஞ்சில் நாட்டின் ஈரக்காற்றில் அந்த வேலை நமக்குத் தெரிவதே இல்லை. ஆனால் 1924 ஜூன் 4 அன்று சோமர்வெல் இருந்த இடம் எவரெஸ்ட், சுமார் 8,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். குளிர்ந்த வறண்ட காற்று மூக்கின் உதவியில்லாமல் நேரே தொண்டைக்குப் போனது. குரல்வளையின் உட்சவ்வு குளிரில் கெட்டுப்போனது.

இறங்கும் வழியில் அந்தச் சவ்வே உரிந்து மூச்சை அடைத்தது. முன்னால் போன நண்பர் நார்ட்டனைக் கூப்பிடக் குரல் எழவில்லை. சாவுதான் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரு கைகளாலும் நெஞ்சை அழுத்தினார். நுரையீரலில் மிச்சமிருந்த காற்று வேகமாக வெளியேற, அடைப்பு இரத்தத்தோடு வாய்க்கு வந்து விழுந்தது. மூச்சு திரும்பியது!

நெய்யூருக்குத் திரும்பிய அவர், அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் திருவிதாங்கூர் மக்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வயிற்றுப்புண்ணால் துடித்து வந்த ஏழைகள் எத்தனையோ பேர் அவரால் பிழைத்தார்கள். அத்தனைக்கும் ஓர் இருமல்தான் வழிவிட்டது.