அலகு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் மரபுக்கவிதை வகுப்பு. வேலை முடிந்து நாலைந்து பேர் போவோம். முதல் நாளே ஐயா வெண்பலகையில் ஓர் அடியை எழுதிவிட்டு என்னிடம் பேனாவை நீட்டினார்.

"தம்பி, இத அலகிட்டுக் காட்டுங்க."

எனக்குத் தெரிந்த அலகு ஒன்றுதான். தைப்பூசத்தன்று பத்துமலையில் மாமா கன்னத்தில் குத்திக்கொள்வது. பாட்டில் எங்கே குத்துவது? முழித்தேன். காரணத்தைச் சொன்னதும் ஐயா சிரித்துவிட்டார். "அதுவும் அலகுதான். ஆனா நீங்க இஞ்சினியராச்சே, உங்க பொழப்பே அலகுலதானே ஓடுது?"

அதுவும் புரியவில்லை. கிள்ளானுக்கு ரயிலில் திரும்பும்போது கைப்பேசியில் தேடித்தான் தெரிந்துகொண்டேன்: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'யூனிட்' என்பதற்கு அலகு என்றுதான் போட்டிருக்கிறார்கள். நீளத்தின் அலகு மீட்டர், விசையின் அலகு நியூட்டன். நான்கு வருடம் பொறியியல் படித்தவனுக்கு, தன் தொழிலின் முதல் சொல் தாய்மொழியில் தெரியவில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தது 2003இல். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பிபிஎஸ்எம்ஐ திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். திட்டத்தைக் கைவிடப்போவதாக அரசு 2009 ஜூலையில் அறிவித்தபோது நான் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டேன். ஆங்கிலத்தில் படித்ததால் வேலையில் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை, அதைப் பழிக்க மாட்டேன். இழப்பு வேறு இடத்தில் நடந்தது. தமிழ் என்றால் செய்யுளும் திருவிழாவும், அறிவியல் என்றால் ஆங்கிலம் என்று மண்டைக்குள் ஒரு சுவர் எழும்பிவிட்டது. அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்ற சொல் அலகு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இந்தச் சொல்லுக்கு நீண்ட பட்டியலே தருகிறது. பறவையின் மூக்கு, தாடை, ஆயுதத்தின் கூர். பத்துமலை அலகு இந்த வரிசையில் நிற்கிறது. இன்னொரு பக்கம் எண், அளவு, கணக்கிட வைக்கும் பலகறை, அதாவது சோழி. இது போதாதென்று துடைப்பமும் அலகுதான். கோயிலைப் பெருக்குவதைத் திருவலகிடுதல் என்பது சைவ வழக்கு. ஆக, அலகிடுதல் என்றால் கூட்டுவது, பாட்டை அளப்பது இரண்டும்தான். கம்பர் தன் காப்பியத்தைத் தொடங்கும்போது இறைவனின் விளையாட்டுக்கு அலகில்லை என்கிறாரே, அது எண்ணும் அலகு.

யாப்பில் நடப்பதும் எண்ணுவதுதான். எழுத்துகளை நேர், நிரை என்று அசைகளாக வெட்டி, அசைகளைச் சீராக அடுக்கி, எந்த வாய்பாடு என்று பார்ப்பது. வகுப்பில் பாட்டு கிடைக்காதபோது ஊர்ப்பெயர்களை வைத்துப் பழகினோம். கிள்ளான்: நேர், நேர். தேமா. பிரிக்பீல்ட்ஸ்: நிரை, நேர். புளிமா. பத்துமலை: நேர், நிரை, நேர். கூவிளங்காய். அலகு குத்தும் மலையையே அலகிட்டாயிற்று.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு நுணுக்கம். 'பீல்ட்ஸ்' என்பதில் மூன்று மெய்யெழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. வாய் அவற்றைச் சொல்கிறது, காது கேட்கிறது. ஆனால் அவை அலகு பெறா. 'பீ' மட்டுமே பெறும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமிதசாகரர் செய்த யாப்பருங்கலக்காரிகை, சீரும் தளையும் கெடும் இடத்தில் குற்றியலிகரம், குற்றியலுகரம், அளபெடை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்காமல் விடச் சொல்கிறது. எதை எண்ணுவது, எதை விடுவது என்று முதலில் முடிவு செய், பிறகு அள. ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குச் சொன்னதும் இதேதான்.

அளவுக்கு எல்லாருக்கும் பொதுவான ஒன்றைப் பிடிப்பதும் அப்படித்தான். எழுத்தின் ஒலிநீளத்தை மாத்திரையால் அளந்த தொல்காப்பியம் அதற்குக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவாக வைத்தது. மீட்டருக்கு 1889இலிருந்து பிரான்ஸில் வைத்திருந்த ஓர் உலோகக் கோல் அளவாக இருந்தது. 1983 முதல், ஒளி ஒரு நொடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் கடக்கும் தூரமே மீட்டர். அலகு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1999இல் நாசா இழந்த செவ்வாய் விண்கலம் சாட்சி. ஒரு மென்பொருள் கொடுத்த கணக்கு பவுண்டு அலகில், வாங்கிய மென்பொருள் எதிர்பார்த்தது நியூட்டன் அலகில். யாப்பில் தளை தட்டினால் ஐயா திட்டுவார், அவ்வளவுதான்.

தமிழில் அறிவியல் சொற்கள் எல்லாம் செயற்கையாகச் செய்தவை என்று நானே நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். அலகை யாரும் புதிதாகச் செய்யவில்லை. சோழியை எண்ணியவர்களும் வெண்பாவை எண்ணியவர்களும் புழங்கிய சொல்லை இயற்பியல் அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழ்ப்பள்ளியில் இருமொழிப் பாடத்திட்டம் பற்றி 2016க்குப் பிறகு மறுபடி சண்டை வந்தபோது, எந்த மொழியில் படித்தால் வேலை கிடைக்கும் என்ற கேள்விதான் என் காதில் அதிகம் விழுந்தது. ஒரே சொல் பாட்டிலும் பாடத்திலும் வருவதை ஒரு பிள்ளை பார்த்தால் அதற்கு என்ன கிடைக்கும் என்று அப்போது நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கோலாலம்பூரை அலகிட்டுக் கொண்டுபோனேன். நான்கும் நேர், தேமாந்தண்பூ.

"நாலசைச்சீர் வெண்பாவுல வராது தம்பி," என்றார் ஐயா.

"அப்ப கேஎல்லப் பத்தி வெண்பாவே எழுத முடியாதா ஐயா?"

பேனாவை வாங்கிப் பெயருக்கு நடுவே ஒரு கோடு போட்டார். "'கோலாலம்'னு வெட்டுங்க, தேமாங்காய் ஆச்சா? மிச்சம் 'பூர்', நாள். காய் முன் நேர் வரலாம், தளை தட்டாது. ஆனா 'பூர்' பாட்டோட கடைசிச் சீரா நிக்கணும்."

ஈற்றடி கிடைத்துவிட்டது. முதல் மூன்றடிதான் இன்னும் வரவில்லை.