கூலிக்கு ஆடியவர்கள்: லங்காஷயர் உதைபந்தாட்டத்தின் கதை

சனிக்கிழமைகளில் பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி புரிந்தவர்களுக்கு ஒரு வேலை நன்கு நினைவிருக்கும். இங்கிலாந்தில் பிற்பகல் உதைபந்தாட்டப் போட்டிகள் முடிவடைந்து, அவற்றின் முடிவுகள் தொலைஅச்சு இயந்திரத்தில் வந்து விழும்போது கொழும்பில் இரவு பத்து மணி கடந்திருக்கும். முதற் பக்கத்தை முடித்து அனுப்பும் அவசரத்தின் நடுவே அந்த நீண்ட பட்டியலைத் தமிழில் எழுதும் பொறுப்பு, இளம் உதவி ஆசிரியனாக இருந்த என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பிரெஸ்டன், பேர்ன்லி, போல்டன், பிளாக்பேர்ன், பரி, ஓல்டம், ரொச்டேல், பிளாக்பூல் என்று பெயர்கள் வரிசையாக வரும். "இந்த ஊர்களெல்லாம் எங்கே இருக்கின்றன ஐயா?" என்று ஒருநாள் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் தலை நிமிராமலே, "எல்லாம் லங்காஷயர் தம்பி. எங்கட பாட்டன்மார் கட்டின மான்செஸ்டர் மல் வேட்டி அங்கை நெய்ததுதான்" என்றார்.

அந்தப் பதில் என் மனதில் ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. துணி நெய்த ஊர்கள் ஏன் பந்தும் உதைத்தன? ஒன்றுக்கொன்று சில மைல் தூரத்தில், ஆலைப் புகை சூழ்ந்து கிடந்த சிறு நகரங்கள் உலகறிந்த கழகங்களை எவ்வாறு தோற்றுவித்தன? காலப்போக்கில் படித்தறிந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, லங்காஷயர் உதைபந்தாட்டத்தின் வரலாறு பந்தின் வரலாறு மட்டுமன்று, கூலியின் வரலாறும் ஆகும் என்ற முடிவுக்கே நான் வந்திருக்கிறேன்.

உதைபந்தாட்டத்துக்குப் பொதுவான விதிகளை வகுக்கும் நோக்குடன் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1863 ஒக்டோபர் 26 ஆம் திகதி இலண்டனில் ஒரு விடுதியில் ஆரம்பிக்கப்பட்டது. அதன் ஆரம்ப காலத்தில் முன்னின்றவர்களிற் பலர் ஈட்டன், ஹாரோ போன்ற செல்வந்தர் பாடசாலைகளில் கற்றவர்கள். அவர்களுக்கு ஆட்டம் என்பது ஓய்வு நேரத்து நாகரிகம். ஆடுவதற்குப் பணம் பெறுவது இழிவு என்று அவர்கள் கருதினர். அவ்வாறு கருதுவதற்கு அவர்களால் முடிந்தது. ஏனெனில் ஒரு நாள் வேலையை இழந்தால் அன்றிரவு வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலை அவர்களுக்கு இருக்கவில்லை.

லங்காஷயருக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் ஹாரோவில் படித்துத் திரும்பிய இளைஞர்கள் இருந்தனர் என்பது உண்மையே. போல்டனுக்கு அண்மையிலுள்ள டேர்ட்டன் கிராமத்தில் 1871 அளவில் கழகம் அமைத்தவர்கள் அத்தகையோரே. ஆயினும் அந்த மண்ணில் ஆட்டம் வேரூன்றுவதற்குத் துணைநின்றது தொழிற்சாலைச் சட்டம். சனிக்கிழமைகளில் பெண்களையும் இளம் தொழிலாளரையும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வேலை வாங்கக்கூடாது என்று 1850 ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. அவர்கள் இன்றி ஆலை இயங்காது. ஆகவே ஆண்களுக்கும் அரைநாள் ஓய்வு கிடைத்தது. வாரத்தில் ஒரு பிற்பகல் கையில் வந்ததும், ஆலைத் தொழிலாளி மைதானத்துக்குச் சென்றான். 1878 செப்டெம்பரில் டார்வென் நகரின் கூட்டுறவு மண்டபத்தில் லங்காஷயர் உதைபந்தாட்டச் சங்கம் பிறந்தது.

அடுத்த ஆண்டே அந்த டார்வென் நகரம் இங்கிலாந்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1879 இல் சங்கக் கிண்ணத்தின் கால் இறுதியில், ஈட்டன் பழைய மாணவர் அணியை அது இலண்டன் கெனிங்டன் ஓவல் மைதானத்தில் சந்தித்தது. 1 - 5 எனப் பின்தங்கியிருந்த டார்வென், ஆட்டம் முடியுமுன் 5 - 5 எனச் சமன் செய்தது. மேலதிக நேரம் ஆடுவதற்கு ஈட்டன் அணியினர் இணங்கவில்லை. மீண்டும் ஆடவேண்டுமெனில் டார்வென் தொழிலாளர் மீண்டும் சுமார் இருநூறு மைல் பயணம் செய்து இலண்டனுக்கே வரவேண்டும். ஊர் மக்கள் சந்தா சேர்த்து அனுப்பினர். இரண்டாவது ஆட்டமும் 2 - 2 எனச் சமநிலையில் முடிந்தது. மூன்றாவது தடவையும் இலண்டனுக்குச் சென்று, 2 - 6 எனத் தோற்றுத் திரும்பினர். ஒரு தரப்புக்கு மைதானம் வீட்டு வாசலில்; மறு தரப்புக்கோ ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலி இழப்பு. சமமான போட்டி என்று இதனைக் கூறமுடியுமா?

அந்த டார்வென் அணியில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த இருவர் இருந்தனர். ஒருவர் ஜேம்ஸ் லவ், மற்றவர் பேர்கஸ் சூட்டர். சூட்டர் கல் செதுக்கும் தொழிலாளி. இங்கிலாந்துக் கல் மிகக் கடினமாக இருக்கிறது என்று கூறி அவர் உளியைக் கைவிட்டதாகச் சொல்வர். உளியைக் கைவிட்டவர் எதனைக்கொண்டு வாழ்ந்தார் என்பதை ஊரார் அறிந்தேயிருந்தனர். ஆட்டத்துக்குப் பணம் கைமாறியது. 1880 இல் அவர் பக்கத்து ஊரான பிளாக்பேர்னின் ரோவர்ஸ் கழகத்துக்கு மாறியபோது இரு நகரங்களுக்கும் இடையே பெரும் பகை மூண்டது.

தொழிலாளரின் முதல் வெற்றி 1883 மார்ச் 31 ஆம் திகதி கிட்டியது. பிளாக்பேர்ன் ஒலிம்பிக் என்ற கழகம் இறுதியாட்டத்தில் அதே ஈட்டன் பழைய மாணவர் அணியை மேலதிக நேரத்தில் 2 - 1 என வென்றது. அணித்தலைவர் அல்பர்ட் வோபேர்ட்டன் நீர்க்குழாய்த் தொழில் செய்பவர். வெற்றிக் கோலை அடித்த ஜிம்மி கொஸ்லி நூல் நூற்பவர். நெசவாளரும் இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளரும் எழுதுவினைஞரும் அணியில் இருந்தனர். வார்ப்பாலை உரிமையாளர் சிட்னி யேட்ஸ் பண உதவி செய்ய, அணியினர் போட்டிக்கு முன்னர் பிளாக்பூல் கடற்கரையில் தங்கிப் பயிற்சி பெற்றனர். அக்காலத்தில் அது புதுமை. கனவான்கள் முகம் சுளிக்கத்தக்க புதுமை. எனினும் அந்த நாளுக்குப் பின்னர், ஊதியமின்றி ஆடும் கனவான்களின் அணி எதுவும் அந்தக் கிண்ணத்தை வென்றதில்லை.

கிண்ணம் பறிபோனதும் சட்டப் புத்தகம் திறக்கப்பட்டது. 1884 ஜனவரியில் பிரெஸ்டன் நோர்த் எண்ட் கழகம், இலண்டனின் அப்டன் பார்க் அணியுடன் சமநிலையில் முடித்தது. பிரெஸ்டன் கூலிக்கு ஆட்களை ஆடவைக்கிறது என்று அப்டன் பார்க் முறையிட்டது. பிரெஸ்டன் கழகத்தை நடத்திவந்த பஞ்சாலை முகாமையாளர் வில்லியம் சடெல் குற்றச்சாட்டை மறுக்கவில்லை. ஆட்டக்காரருக்கு ஊரில் வேலை தேடிக் கொடுத்து அழைத்து வந்ததை ஒப்புக்கொண்டதோடு, லங்காஷயரில் இது வழமையே என்றும் கூறினார். பிரெஸ்டன் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் லங்காஷயர்க் கழகங்கள் ஒன்றுகூடித் தனிச் சங்கம் அமைக்கப்போவதாக அறிவித்தன. பிளவு வந்துவிடும் என்ற அச்சத்தில், 1885 ஜூலை 20 ஆம் திகதி ஊதியத்துக்கு ஆடுவதைச் சங்கம் சட்டபூர்வமாக்கியது. ஆயினும் கிண்ணப் போட்டியில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் தம் கழகத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்தவராகவோ இரண்டு ஆண்டுகள் வசித்தவராகவோ இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

ஊதியம் கொடுப்பதாயின் வருமானம் ஒழுங்காக வரவேண்டும். வருமானத்துக்கு ஆட்டங்கள் ஒழுங்காக நடைபெற வேண்டும். இந்த எளிய கணக்கிலிருந்தே 'லீக்' என்ற அமைப்புப் பிறந்தது. பேர்மிங்ஹாமின் அஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கிரெகர் முன்வைத்த யோசனை, 1888 ஏப்ரல் 17 ஆம் திகதி மான்செஸ்டரில் நிறைவேறியது. முதற் பன்னிரண்டு கழகங்களில் ஆறு அன்றைய லங்காஷயரைச் சேர்ந்தவை: அக்ரிங்டன், பிளாக்பேர்ன் ரோவர்ஸ், போல்டன் வொண்டரர்ஸ், பேர்ன்லி, எவர்ட்டன், பிரெஸ்டன் நோர்த் எண்ட். இலண்டனிலிருந்து ஒரு கழகமேனும் இல்லை. முதற் பருவத்தின் 22 ஆட்டங்களில் 18 ஐ வென்று, நான்கைச் சமன் செய்து, ஒன்றிலும் தோற்காமல் பிரெஸ்டன் முதலிடம் பெற்றது. 1889 இல் சங்கக் கிண்ணத்தையும் ஒரு கோலும் வாங்காமல் வென்றது.

வெற்றியாளரின் பெயர்களோடு கதையை முடித்துவிடுவது பத்திரிகையாளனுக்கு அழகன்று. கதவைத் திறந்துவைத்த பிளாக்பேர்ன் ஒலிம்பிக்கை லீக்கில் எவரும் சேர்க்கவில்லை. ஊதியச் சுமையைத் தாங்கமுடியாமல் அது 1889 இல் கலைந்தது. வில்லியம் சடெல் 1895 இல் தாம் முகாமை செய்த ஆலையின் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். விடுதலையான பின்னர் தென்னாபிரிக்கா சென்று, அங்கே விளையாட்டுச் செய்தியாளராகப் பணிபுரிந்து, 1911 இல் கேப் டவுனில் மறைந்தார். நம் தொழிலுக்கு வந்துசேர்ந்தவர்களின் கதைகள் பலவிதம்.

இதனிலும் கசப்பான மாற்றம் ஒன்று உண்டு. கூலி கொடுக்கும் உரிமைக்காகப் போராடிய கழகங்கள், காலம் சற்றுக் கடந்ததும் கூலி உயர்வதைத் தடுக்க முனைந்தன. 1901 முதல் எந்த ஆட்டக்காரரும் வாரத்துக்கு நான்கு பவுணுக்கு மேல் பெறமுடியாது என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. இதனை எதிர்த்து 1907 டிசெம்பரில் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் தொழிற்சங்கம் உருவானது. அதில் முன்னின்ற பில்லி மெரிடித், சிறுவனாக வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். 1909 இல் தொழிற்சங்கத்தைக் கைவிடுமாறு உதைபந்தாட்டச் சங்கம் வற்புறுத்தியபோது, மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர் பணிய மறுத்தனர். 'விலக்கப்பட்டோர் கழகம்' என்று தமக்குத் தாமே பெயரிட்டுப் புகைப்படமும் எடுத்துக்கொண்டனர்.

பெண்களின் கதையும் இதனோடு சேர்ந்ததே. முதல் உலகப் போரின்போது பிரெஸ்டனில் வெடிபொருள் தயாரித்த டிக் கேர் ஆலையின் பெண் தொழிலாளர் 1917 இல் ஓர் அணி அமைத்தனர். காயமுற்ற போர்வீரர்களுக்காக நிதி திரட்ட ஆடினர். 1920 டிசெம்பர் 26 ஆம் திகதி லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களது ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். ஓராண்டு கூட நிறைவேறவில்லை. 1921 டிசெம்பர் 5 ஆம் திகதி, தன்னைச் சேர்ந்த கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று உதைபந்தாட்டச் சங்கம் தடை விதித்தது. ஆட்டம் பெண்களுக்கு ஒவ்வாது என்றும், திரட்டிய பணத்தில் பெரும்பகுதி செலவுக்கே போகிறது என்றும் காரணம் கூறப்பட்டது. ஆலைத் தொழிலாளரை விலக்கிவைக்க ஒரு காலத்தில் பயன்பட்ட பணம் பற்றிய அதே சந்தேகம், இப்போது ஆலைப் பெண்களின் மீது திருப்பப்பட்டது. அந்தத் தடை சுமார் அரை நூற்றாண்டு நீடித்தது.

பல ஆண்டுகளின் பின்னர் இங்கிலாந்திலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வெளியே தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு பாயும் டொம் பினியின் சிலை 2004 இல் நிறுவப்பட்டிருக்கிறது. இங்கிலாந்து அணிக்காக 76 தடவை ஆடியவர் பினி. எனினும் நீர்க்குழாய்த் தொழிலைக் கற்று, அதனையும் நடத்தியே வாழ்ந்தார். 1952 இல் இத்தாலியின் பலேர்மோ கழகம் பத்தாயிரம் பவுண் முன்பணம் தருவதாக அழைத்தது. அந்நாளில் இங்கிலாந்தில் அவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய ஊதியம் வாரத்துக்கு இருபது பவுணையும் எட்டவில்லை. பிரெஸ்டன் கழகம் அவரை விடவில்லை. 1960 இல் அவர் ஓய்வு பெற்றார். 1961 ஜனவரியில் உச்சவரம்பு நீக்கப்பட்டது. அந்தச் சிலையின் முன்னே நின்றபோது, 1883 இல் கிண்ணம் ஏந்திய இன்னொரு நீர்க்குழாய்த் தொழிலாளி என் நினைவுக்கு வந்தார்.

உச்சவரம்பு நீங்கியது நியாயமே. ஆனால் அதன் பின்னர் பணம் பெருநகரங்களை நாடிச் சென்றது. சுமார் எண்பதாயிரம் மக்கள் வாழ்ந்த பேர்ன்லி 1960 இல் லீக் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. அதற்குப் பின்னர் ஆலை நகரங்களில் பிளாக்பேர்ன் மட்டுமே 1995 இல் அந்த உயரத்தை எட்டியது. அதுவும் உள்ளூர் உருக்கு வணிகர் ஜக் வோக்கரின் செல்வத்தினால். ஆலைகள் மூடப்பட்டன. 1974 இல் மாவட்ட எல்லைகள் மாற்றப்பட்டு மான்செஸ்டர், லிவர்பூல், போல்டன், பரி ஆகியன லங்காஷயர் மாவட்டத்திலிருந்து பிரிந்தன. 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் சங்கக் கிண்ணத்தை வென்ற பரி கழகம், கடன் சுமையினால் 2019 ஓகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. எனினும் ஊர் மக்கள் விடவில்லை. 2023 இல் அந்தப் பெயரில் ஓர் அணி மீண்டும் கிக் லேன் மைதானத்தில் இறங்கியது. கீழ்ப்படிகளில் ஒன்றில்தான், ஆனாலும் இறங்கியது.

டார்வென் மக்கள் 1879 இல் பிள்ளைகளை இலண்டனுக்கு அனுப்பச் சந்தா சேர்த்ததும், பரி மக்கள் தம் மைதானத்தை மீட்கப் பாடுபட்டதும் ஒரே செயலாகவே எனக்குப் படுகிறது. உழைப்பவனுக்குக் கூலி வேண்டும் என்று கேட்பது ஆட்டத்தை மாசுபடுத்தாது என்பதை அந்த மாவட்டம் நிரூபித்தது. கூலியை எவர் தீர்மானிப்பது என்ற கேள்வியைத்தான் அது இன்னும் தீர்க்கவில்லை. சனிக்கிழமை இரவுகளில் நான் அவசரமாகத் தமிழில் எழுதிய அந்த ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றின் பின்னாலும், வேலை முடிந்து மைதானத்துக்கு ஓடிய ஆலைத் தொழிலாளி ஒருவன் இருந்தான் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் இன்னும் சற்று நிதானமாக எழுதியிருப்பேன்.