சீன எழுத்தும் பிறநாட்டு மாணவரும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியைப் பிறர்க்குக் கற்பிக்கும்போது எழுத்து முதலா, பேச்சு முதலா என்னும் வினா தமிழைப் பொறுத்தவரை பெருஞ்சிக்கலாக எழுவதில்லை. 247 எழுத்துக்களையும் பயின்று முடித்த மாணவர், பொருள் விளங்காதவிடத்தும் எச்சொல்லையும் வாய்விட்டு வாசித்துவிடுவர். சீனத்தில் அது நிகழாது. அங்கு ஓரெழுத்து ஓரசையையும், பெரும்பாலும் ஒரு பொருளையும், ஒருங்கே சுட்டும். பேரரசர் காங்ஷியின் ஆணைப்படி தொகுக்கப்பெற்று 1716இல் நிறைவுற்ற அகராதியில் 47,000க்கு மேற்பட்ட எழுத்துக்கள் உள. அவற்றுட் பல வழக்கிறந்தவையே எனினும், தடையின்றி வாசிப்பதற்குச் சில ஆயிரமேனும் வேண்டும். ஆகவே, இவ்வெழுத்தைப் பிறநாட்டார்க்கு எப்பொழுது, எவ்வழியிற் கற்பிப்பது என்பதற்கு நானூறு ஆண்டுகளாக வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. அவ்விடைகளைத் தீர்மானித்தது எழுத்தின் இயல்பு மட்டுமன்று. கற்க வந்தோர் எதன்பொருட்டு வந்தனர், அவர்க்குக் கற்பிக்கும் உரிமை எவரிடம் இருந்தது என்பனவே பெரிதும் தீர்மானித்தன என்பது எமது கருத்து.

1579இல் மக்காவை வந்தடைந்த இத்தாலிய யேசுசபைத் துறவி மிக்கேலே ருஜ்ஜியேரிக்கு இருமொழியும் வல்ல ஆசிரியர் கிடைத்திலர். அவருக்கு வாய்த்தவர் ஓர் ஓவியர். குதிரையொன்றை வரைந்து, அதன்மேற் குதிரைக்குரிய எழுத்தையும் எழுதி, 'மா' என ஒலித்துக் காட்டுவது அவ்வோவியரின் முறை என ருஜ்ஜியேரி தம் கடிதமொன்றிற் குறித்துள்ளார். (தமிழிலும் 'மா' குதிரையைக் குறிப்பது தற்செயலே, ஒப்பியலார் இதிலிருந்து உறவு தேட வேண்டியதில்லை.) ஆயின், இம்முறை நெடுந்தூரம் செல்லாது. குதிரையை வரையலாம், 'எனினும்' என்பதை எங்ஙனம் வரைவது? அன்றியும், சீன எழுத்துக்களுள் மிகப் பெரும்பாலானவை பொருட்குறிப்பு ஒன்றும் ஒலிக்குறிப்பு ஒன்றும் இணைந்து உருவானவை. அதே குதிரை எழுத்தின் இடப்புறத்தே பெண்ணைக் குறிக்கும் எழுத்தைச் சேர்ப்பின் 'அம்மா' என்னும் பொருளுடைய எழுத்துப் பிறக்கும். அங்குக் குதிரைக்கு வேலையில்லை. அதன் ஒலிக்கு மட்டுமே வேலை. ருஜ்ஜியேரியும் அவருடன் பணியாற்றிய மத்தேயோ ரிச்சியும் சீன ஒலிகளை இலத்தீன் எழுத்திற் குறித்து ஒரு போர்த்துக்கேய-சீன அகராதியைத் தொகுத்தனர். கற்றறிந்த அதிகாரிகளோடு உரையாடவும் அவர்தம் நூல்களை ஓதவும் விரும்பிய அவர்களுக்குச் செவியும் கண்ணும் ஒருங்கே தேவைப்பட்டன.

பதினெட்டாம் நூற்றாண்டிற் கன்ரன் துறைமுகத்துக்கு வந்த வணிகரின் நிலை வேறு. அவர்களைக் கட்டுக்குள் வைத்திருக்க விரும்பிய சிங் அரசு, அவர்கள் சீன எழுத்தை அறிவதை ஐயத்துடனேயே நோக்கிற்று. எழுத்தறிந்தவர் மனு எழுதக்கூடும். மனு பேரரசரை எட்டக்கூடும். 1759இல் நிகழ்ந்ததும் அதுவே. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஜேம்ஸ் பிளின்ற், கன்ரன் சுங்க அதிகாரிகளுக்கு எதிரான முறையீட்டைச் சீனத்தில் எழுதுவித்துத் தியன்ஜின் வரை கொண்டுசென்றார். அவருக்கு மக்காவில் மூன்றாண்டுச் சிறை. அம்மனு எழுதத் துணைநின்றவரெனக் குற்றஞ்சாட்டப்பட்ட லியூ யாபியனுக்கோ மரணதண்டனை. ஒரே குற்றத்துக்கு மாணவர் பெற்றதும், எழுதிக் கொடுத்தவர் பெற்றதும் ஊன்றி நோக்கத்தக்கன.

1807இற் கன்ரனுக்கு வந்த றொபேட் மொறிசன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் இச்சூழலிலேயே மறைவாகக் கற்றார். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர், பிடிபட்டால் வதைக்கு முன்னரே உயிர்விடுவதற்கென நஞ்சை உடன் வைத்திருந்தார் என மொறிசனின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1815 முதல் 1823 வரை மக்காவில் அச்சேறிய மொறிசன் அகராதி ஆறு தொகுதிகளாலானது. அதன் முதற்பகுதி, காங்ஷி அகராதியைப் பின்பற்றி 214 தலைக்கூறுகளின்படி அமைந்தது. தலைக்கூறு என்பது நீர், மரம், பெண் என்றாற்போல, ஓரெழுத்தினை எவ்வினத்துள் தேடவேண்டும் எனக் காட்டும் உறுப்பாகும். இரண்டாம் பகுதியோ ஒலியின் வழியே, உரோம அகரவரிசைப்படி செல்வது. கண்வழியும் செவிவழியும் ஒரே நூலில் அருகருகே நிற்பதைக் காண்கின்றோம். அந்நூலின் முகப்பில் மொறிசனின் பெயர் உண்டு. நஞ்சு சுமந்தவரின் பெயர் இல்லை.

1844இல் அமெரிக்கர் சீனரோடு வாங்சியாவிற் செய்துகொண்ட உடன்படிக்கையின் பதினெட்டாம் பிரிவு, மொழி கற்பிக்கச் சீன அறிஞரை அமர்த்தவும் நூல்களை வாங்கவும் உரிமை வழங்கிற்று. மொழியாசிரியர் ஒருவரை வைத்துக்கொள்வதற்கு, அபினிப் போரின் பின் எழுந்த ஓர் உடன்படிக்கை வேண்டியிருந்தது!

இதன்பின் வந்தோர் தூதரக மொழிபெயர்ப்பாளர். அவர்களுக்கெனத் தோமஸ் வேட் 1867இல் வெளியிட்ட பாடநூல், ஒலிப்பை முதலிலும் தலைக்கூறுகளை அதனையடுத்தும் வைத்தது. அகராதியிற் சொல் தேடும் கருவி இவ்வாறு பயிற்றும் கருவியாயிற்று. அரச ஆவணங்களை வாசிப்பதற்கு அவர் தனிநூலே செய்தார்.

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் இவ்வேறுபாடு வெளிப்படையான பூசலாயிற்று. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் ஹெர்லி கிறீல் 1938இல் வெளியிட்ட பாடநூல், தொடக்க மாணவருக்கே 'பெற்றோர்ப் பேணல்' பற்றிய பழஞ்சீன நூலைக் கொடுத்து எழுத்தெழுத்தாக விளக்கிற்று. யேலின் ஜோர்ஜ் கெனடியோ பேச்சே முதலென வாதிட்டார். பூசலை முடித்துவைத்தது வாதமன்று, போரே. படையினர்க்குச் சில மாதங்களிற் பேசத் தெரியவேண்டியிருந்தது. யேலில் உரோம எழுத்து முறையொன்று 1943இல் உருவாயிற்று. யூவன் ரென் சாவ் 1948இல் வெளியிட்ட பாடநூலும் பாடங்களை உரோம எழுத்திலேயே தந்து, சீன எழுத்துக்களைத் துணைநூலொன்றுக்கு ஒதுக்கிற்று.

1950இற் சிங்ஹுவாப் பல்கலைக்கழகத்திற் கிழக்கு ஐரோப்பிய மாணவர்க்கென வகுப்பு ஏற்பட்டபோது, அரசே ஆசிரியப் பொறுப்பை ஏற்றது. அங்கும் பேச்சை முதலிலும் எழுத்தைப் பின்னரும் கற்பிக்கும் முறை தொடக்கத்திற் பரீட்சிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. காரணம் விளங்கத்தக்கதே. ஓரொலிக்குப் பல பொருளுள்ள மொழியில், எழுத்தைத் தள்ளிவைத்தவர் பின்னர் முன்பு கற்றதையும் புதியதையும் ஒருசேரச் சுமக்க நேரிடும். இவர்கள் மொழிபெயர்க்க வந்தவர் அல்லர். சீனப் பல்கலைக்கழகங்களிற் சீன நூல்களைக் கொண்டே படிக்க வந்தவர். ஆதலின் பேச்சும் எழுத்தும் உடன்செல்லும் முறையே வேரூன்றிற்று. பிரான்சில் ஜொயெல் பெலாசன் 1989இல் வெளியிட்ட பாடநூல் இதனை மறுத்து, மிகுதியாக வழங்கும் நானூறு எழுத்துக்களையே அடித்தளமாக்கியது. சொல்லைவிட எழுத்தே சீனத்தின் அலகு என்பது அவர் கொள்கை. எமக்கு அது முற்றும் ஏற்புடையதன்று எனினும், மாணவரின் சுமையை எண்ணிக் குறைத்த சிறப்பு அதற்குண்டு.

2021இற் சீனக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்திய தரநிலை, பிறநாட்டு மாணவர் அறியவேண்டிய எழுத்துக்களை 3,000 என வரையறுக்கின்றது. அவற்றுள் 1,200 மட்டுமே கையால் எழுதவேண்டியவை. எஞ்சியவற்றைக் கண்டு இனங்கொண்டாற் போதும். உரோம எழுத்தில் ஒலியைத் தட்டினாற் கணினியே எழுத்தைத் திரையில் வரிசைப்படுத்திக் காட்டும், மாணவர் அதனைத் தெரிந்தெடுத்துக்கொள்வர்.