வாசலுக்கு எல்லைக்கோடு ஏது?
வட எல்லை வீடுகளின் முன்றில் பற்றி ஒரு நினைவும் ஆய்வும்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, "உங்க ஊர் வரலாறு ஒண்ணு எழுதிக் குடுங்கம்மா, கோயில், கல்வெட்டு ஏதாவது இருக்குமே" என்றார்கள். கோயில் இருக்கிறது. ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து கல்லில் வெட்டியதன்று. தினமும் விடியற்காலையில் வாசலில் எழுதி, வெயில் ஏறுவதற்குள் கோழியும் கன்றும் மிதித்துக் கலைத்துவிட்ட எழுத்து. வீடு மெழுகுவதும், வெள்ளையடிப்பதும், கோலம் போடுவதும் ஒரு வரலாறா என்று அன்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். எங்கள் பக்கத்தில் அதையும் வரலாற்றில் சேர்க்கத்தான் வேண்டும்.

எங்கள் ஊர் பாலசமுத்திரம். சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. பள்ளிப்பட்டும் சோளிங்கரும் எங்களுக்குத் தூரமில்லை. ஊர்ப்பெயரைக் கேட்டுவிட்டுக் கடற்கரை ஊரா என்று இங்கே பெங்களூரில் பலர் விசாரித்ததுண்டு. ஊர்ப்பெயர்களில் வரும் சமுத்திரம் பெரும்பாலும் ஏரிதான். ஏரிப் பாசனத்தை நம்பிய தமிழ், தெலுங்கு நாடுகள் இரண்டிலும் இப்படி முடியும் ஊர்கள் நிறைய உண்டு.

எங்கள் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி, பிறந்தபோது எங்கள் பக்கம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதன் தலைநகரே சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆற்காட்டின் தலைநகர் வேலூருக்குப் போனது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதும் அதில் சேர்ந்தது. ஆயா வாசலைவிட்டு ஓர் அடி நகரவில்லை. ஆனால் மறுநாள் காலை அவர் வெளிமாநிலத் தமிழர். நாமெல்லாம் ரயிலேறி, பெட்டி சுமந்து அடைந்த பட்டத்தை அவர் தண்ணீர் தெளித்துக் கொண்டே அடைந்துவிட்டார்!

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததே. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வட எல்லைப் போராட்டம், அதன்பின் படாஸ்கர் தீர்வு. கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழியினர் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கோடு போட்டார்கள். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு பக்கம் ஆந்திரத்துக்குப் போயிற்று. பாலசமுத்திரம் ஆந்திரத்திலேயே நின்றது. எங்கள் அத்தையைக் கொடுத்த ஊர் அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம்.

வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று கணக்கெடுக்க வந்தவர் கேட்டதற்கு ஆயா சொன்ன பதிலை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "மாட்ட அதட்டறது தெலுங்குல, புள்ளைய அதட்டறது தமிழ்ல. நீ எதுன்னா எழுதிக்கோ சாமி." அவர் எதை எழுதிக்கொண்டு போனாரோ! ஒரு நெடுக்கில் ஒரு மொழியைத்தானே எழுத முடியும்? வீட்டுக்குள் ஒரு நடை போய்வந்திருந்தால் அவருக்குக் கணக்கே தடுமாறியிருக்கும்.

அந்த வீட்டைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம். தெருவிலிருந்து வந்தால் முதலில் வாசல். சங்கத் தமிழில் இதை முன்றில் என்பார்கள். இல்லின் முன் என்பதே முன்றில். தெலுங்கில் வாகிலி. அடுத்தது திண்ணை, தெலுங்குக்காரர் வீட்டில் அருகு. திண்ணையைத் தாண்டினால் நடை, அவர்களுக்கு நடவ. சில வீடுகளில் இதையே ரேழி என்பர். இடைகழி என்ற பழஞ்சொல்தான் தேய்ந்து ரேழியானது. முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஒருவரையொருவர் நெருக்கி நின்றதாகச் சொல்லப்படும் திருக்கோவலூர் இடைகழியும் இப்படியொரு நடைதான். உள்ளே தாழ்வாரம், நடுவில் முற்றம், பின்னால் கொல்லை, அவர்களுக்குப் பெரடு. சுவருக்கு அடிப்பது நமக்குச் சுண்ணாம்பு, அவர்களுக்குச் சுன்னம். எங்கள் வீட்டில் இரண்டு பட்டியலும் கலந்தே வழங்கின. "கொல்லையில கெடக்கற தொடப்பத்த எடுத்துகினு வந்து வாகிலிய பெருக்குடி" என்பது ஆயாவின் ஒரே வாக்கியம். எந்த மொழிக் கணக்கில் சேர்ப்பது இதை?

வேலை நாலரை மணிக்குத் தொடங்கும். முதலில் தெருவாசலைப் பெருக்கிக் குப்பையை எருக்குழிக்குத் தள்ள வேண்டும். பிறகு சாணத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது. தெலுங்கில் இதற்குக் கள்ளாபி என்று பெயர். இதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. வலது கையால் அள்ளி, மணிக்கட்டைச் சுழற்றி, விசிறிபோல வீச வேண்டும். நான் வீசினால் ஒரே இடத்தில் குட்டையாகத் தேங்கும். "மழ பேஞ்ச மாதிரி உழணும்டி, கொட்டிவுட்ட மாதிரி இல்ல" என்பார் ஆயா. சாணத் தண்ணீர் காயும்போது தூசியைப் பிடித்து மண்ணோடு இறுக்கிவிடும். கோலம் எடுப்பாகத் தெரிவதற்குக் கரும்பச்சைத் தரையும் கிடைத்துவிடும்.

கோலத்தை எங்கள் தெருவில் பாதிப் பேர் முக்கு என்பார்கள். புள்ளிக்கோலம் என்றால் சுக்கல முக்கு, சிக்குக்கோலம் என்றால் மெலிக முக்கு. நேர்ப்புள்ளி போக, வரிசைகளுக்கு நடுவே வைக்கும் ஊடுபுள்ளிக்குச் சந்து சுக்கலு என்று பெயர். பெயர்தான் வேறு, பதினைந்தில் தொடங்கி எட்டில் முடியும் கணக்கு ஒன்றே. சிக்குக்கோலத்தின் இழை எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். இந்த இலக்கணத்தைத்தான் 1974-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு தொடர்புடைய கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கணினி அறிவியல் கட்டுரையாக எழுதி உலக அறிஞர்கள் முன் வைத்தார்கள். பல வருஷம் கழித்து என் மகன் கல்லூரியில் படிக்கும்போது இதை என்னிடம் வந்து சொன்னான். எழுதப்படிக்கத் தெரியாத ஆயா அப்போது உயிரோடில்லை.

சாதாரண நாளில் கல்மாவு. வெள்ளைக்கல்லை இடித்துச் சலித்த பொடியைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டு வருவார்கள். நாள்கிழமையில் மட்டும் பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் துணியை நனைத்து, விரல் வழியே இழை இறக்கும் மாக்கோலம். ஓரத்துக்குக் காவி. அரிசிமாவை எறும்பு தின்னும், அதுவும் தர்மம் என்று சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரிசிக்கே பஞ்சமான ஆண்டுகளில் ஆயா கல்மாவோடு நிறுத்திக்கொண்டார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

நிலைப்படியில்தான் வித்தியாசம் கொஞ்சம் தெரியும். தெலுங்கு வீடுகளில் கடப்ப எனப்படும் படி முழுவதும் மஞ்சள் பூசி, அதன்மேல் வெள்ளையும் குங்குமமுமாகக் கோடுகள் இருக்கும். நாங்கள் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் தடவிப் பொட்டு வைப்பதோடு சரி. அத்தை கல்யாணமாகி எல்லைக்கு அந்தப் பக்கம் போனபின், தமிழ்நாட்டு வீட்டில் படி முழுக்க மஞ்சள் பூச ஆரம்பித்தார். "இது என்னடி தெலுங்குக்காரி வேலை" என்று மாமியார் கேட்டாராம். இரண்டு வருஷத்தில் அந்தத் தெருவே பூசியதாம்.

வருஷத்துக்கு ஒருமுறை, போகிக்கு முன், வெள்ளையடிப்பு. சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் புகையும். குழந்தைகளைக் கிட்டே விடமாட்டார்கள். ஒருநாள் ஊறியபின் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சியும், வெண்மை கண்ணைப் பறிப்பதற்குச் சிட்டிகை நீலமும் சேர்ப்பார்கள். நுனியைத் தட்டி நாராக்கிய மட்டைதான் பிரஷ். அடிக்கும்போது சுவர் ஈரமாக மங்கித் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. பூச்சி பொட்டு அண்டாது, சுவரும் மூச்சுவிடும். இன்றைய பெயிண்ட் பளபளப்புதான், ஆனால் மண்சுவரின் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

திண்ணையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். வழிப்போக்கர் படுக்கவும், ஊர்ப்பேச்சுக்கும், கணக்கெழுதவும் அதுதான் இடம். பள்ளிக்கூடமும் அதுதான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுக் கல்வி பற்றி விவரம் கேட்டாரே, அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளை வெள்ளைக்காரர்கள் பியால் பள்ளி என்று எழுதினார்கள். பியால் என்பது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் திண்ணை செம்மண் பூசியது. வாரத்துக்கு இருமுறை மெழுகுவோம்.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. எங்கள் சுவருக்கு வெள்ளையடித்தவர், எருக்குழி வெட்டியவர், சாணம் கூட்டி வைத்த அம்மா, இவர்கள் யாரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூலியை வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அப்போது அது கேள்வியாகத் தோன்றவில்லை. அழகான வாசல் என்று நாம் நினைவுகூர்வது யாரோ சிலர் தாண்டி வரக்கூடாத கோடாகவும் இருந்தது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். மெழுகியதும் தெளித்ததும் பெண்கள், திண்ணையில் சாய்ந்தது ஆண்கள். ஆயா திண்ணையில் உட்கார்ந்தது பகலில் பருப்பு புடைக்கும்போது மட்டும்.

மார்கழி வந்தால் வாசல் இரண்டு மடங்காகும். சாண உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூ செருகுவோம். நாங்கள் பிள்ளையார் என்போம், எதிர்வீட்டில் கொப்பெம்மா என்பார்கள். ஒரே மாட்டின் சாணம், ஒரே கொடியின் பூ. இங்கே அவர் ஆண் தெய்வம், எட்டடி தள்ளிப் பெண் தெய்வம்! மாலையில் வறட்டி தட்டிக் காயவைத்து எடுத்துவைப்பதும் இருவருக்கும் பொது.

பொங்கலுக்கு மறுநாள், கனுமா அன்று, ரதக்கோலம். ஒவ்வொரு வாசலிலும் தேர். தேரின் வடத்தை ஒற்றைக்கோடாக இழுத்துப் பக்கத்து வீட்டுத் தேரோடு சேர்க்க வேண்டும். இது தெலுங்கு வழக்கம்தான். ஆனால் எங்கள் தெருவில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு பாராமல் கோடு ஓடும். தெருமுனையில் நின்று பார்த்தால் ஊரே ஒரே தேரை இழுக்கிற மாதிரி இருக்கும். படாஸ்கர் போட்ட கோடு பிரித்தது, இந்தக் கோடு சேர்த்தது என்று முன்பெல்லாம் மேடையில் பேசுவேன், கைதட்டுவார்கள். ஆனால் இந்தக் கோடும் தெருக்கோடிப் புளியமரத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் காலனி. அங்கேயும் தேர் போட்டிருப்பார்கள். அவர்கள் கோடு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

இப்போது நிலைமை வேறு. சிமென்ட் ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் அரையடி உயர்கிறது, வாசல் பள்ளமாகிறது. திண்ணையை இடித்துப் பல வீட்டில் கிரில் போட்டு பைக் நிறுத்துகிறார்கள். தரை சிமென்ட் ஆனபின் சாணம் எதற்கு? மாடே குறைந்துவிட்டது. 2022-இல் மாவட்டத்தை மறுபடி பிரித்துத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நாங்கள் சித்தூரோடு இருக்கிறோம். ஆயா இருந்திருந்தால், "இன்னொரு தபாவா?" என்றிருப்பார்.

இங்கே பெங்களூரில் என் வாசல் மூன்றரை அடி அகல டைல்ஸ். வெளியே பொதுநடை. கோலப்பொடியில் யாரோ வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் தடை போட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமாம். மூன்று மாதம் பேசி, நிலைப்படியிலிருந்து ஒன்றரை அடி வரை அனுமதி வாங்கினோம். வாதாடியதில் என்னோடு நின்றவர்கள் ரங்கோலி என்று சொல்லும் கன்னட அம்மா ஒருவரும், முக்கு என்று சொல்லும் குண்டூர்க்காரப் பெண்ணும். ஒன்றரை அடியில் ஏழு புள்ளிக்கு மேல் போகாது. போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பூர்வீக வீட்டில் எந்த இடத்துக்கு என்ன பெயர் வழங்கியது, எதைக்கொண்டு மெழுகினார்கள், யார் செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சித்தூர்க்காரர் எழுதுவதும் பாலக்காட்டுக்காரர் எழுதுவதும் ஒன்றாக இருக்காது. அடுத்த மலருக்கு அவற்றைத் தொகுத்துத் தரச் சித்தமாக இருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் கனுமாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். முதல்நாள் இரவு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் தெருவுக்குள் நடந்தேன். தேர்கள் குறைவு, பாதி பெயிண்ட் கோலம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தேரை முடித்து வடத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது, வாசலில் தேர் இல்லை. அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு குனிந்தபடியே பின்னோக்கி நடந்து, பூட்டிய வாசலின் முழு அகலத்துக்கும் கோட்டை இழுத்து, அடுத்த வீட்டுத் தேரில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. "மிதிக்காம ஓரமா போங்க பாட்டி" என்றாள், தமிழில்.