கஅபும் கஅபாவும்

கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையின் பெயர் பசுவின் முகத்தைக் குறிப்பது. கோயில் கருவறையின் நீர்த்தூம்பிற்கும் அதுவே பெயர். ஆயிரங்கால் மண்டபத்திலோ 'கால்' என்பது தூண். இவ்வாறு உறுப்பும் கட்டடமும் சொல்லைப் பகிர்வது அரபியிலும் உண்டு.

'கஅப்' என்றால் கரண்டை. புடைத்தெழுதலைக் குறிக்கும் அதே வேரிலிருந்து பிறந்ததே 'கஅபா'. உயர்ந்து நிற்பதால் அப்பெயர் என்பாரும், நாற்சதுர வடிவால் என்பாரும் உளர். அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் உளூவில் கால்களை இரு கரண்டைகள் வரை கழுவப் பணிக்கிறது. 97ஆம் வசனம் கஅபாவைப் புனித இல்லம் என்கிறது.

பாதத்தின் மேற்புடைப்பே கஅப் என்று சிலர் கொண்டனர். கணுக்காலின் இருபுற எலும்புகளே என்பது நான்கு மத்ஹபுகளின் முடிவு. அவசரத்தில் நாம் நனைக்காமல் விடுவதும் அவ்விடத்தையே. கஅபாவை முன்னோக்குமுன், கஅபை முழுமையாய்க் கழுவினோமா எனப் பார்ப்போமாக!